மீட்டருக்குத் தெரியாத டயர்

லாரி எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதை அதன் ஸ்பீடோமீட்டர் நேரடியாக அளப்பதில்லை. சக்கரத்தைச் சுழற்றும் தண்டு குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை சுற்று சுற்றியது என்று அது எண்ணுகிறது. ஒரு சுற்றுக்கு வண்டி இத்தனை மீட்டர் நகரும் என்று தொழிற்சாலையில் ஒரு கணக்கு போட்டு வைத்திருக்கிறார்கள். இரண்டையும் பெருக்கி வருவதுதான் முள் காட்டும் வேகம். அந்தக் கணக்கில் டயரின் சுற்றளவு மாறாத எண்ணாக உட்கார்ந்திருக்கிறது. டயரைக் கழற்றி வேறு சைஸ் போட்டால், சாலையில் வண்டி நகரும் தூரம் மாறிவிடும். உள்ளே இருக்கும் எண் அப்படியே இருக்கும். இதைச் சொன்னால் லாரித் தொழிலில் இருப்பவர்கள் பலர், "ரெண்டு மூணு கிலோமீட்டர் வித்தியாசம் வரும், அதனால என்ன?" என்று விட்டுவிடுவார்கள். முள்ளை மட்டும் பார்த்தால் அவர்கள் பேச்சில் நியாயம் உண்டு. ஆனால் அதே எண்ணிக்கையை நம்பித்தான் ஓடோமீட்டர் ஓடுகிறது, டீசல் கணக்கு எழுதப்படுகிறது, டிரைவரின் நாணயம் எடைபோடப்படுகிறது, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறது. டயர் சைஸை மாற்றுவதற்கான உண்மையான விலையை முதலாளியும் டிரைவரும் கொடுப்பது இந்த இடங்களில்தான் என்பது என் கருத்து.

கருவி வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1902-இல் ஜெர்மானியரான ஓட்டோ ஷுல்ட்சே காப்புரிமை பெற்ற அமைப்புதான் பல தலைமுறைகளுக்கு வண்டிகளில் இருந்தது. கியர்பாக்ஸின் பின்பக்கத்திலிருந்து டேஷ்போர்டு வரை ஒரு கேபிள் வரும். அதன் நுனியில் ஒரு காந்தம் சுழலும். அந்தக் காந்தத்தைத் தொடாமல் ஒரு அலுமினியக் கிண்ணம் மூடியிருக்கும். காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி அதையும் கூடவே இழுக்கும். ஒரு மெல்லிய சுருள்வில் அதை எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாகிற இடத்தில் முள் நிற்கும். அதே கேபிள்தான் சின்னச் சின்னப் பற்சக்கரங்கள் வழியாக ஓடோமீட்டர் எண்களையும் உருட்டும். இன்றைய லாரிகளில் கேபிளின் இடத்துக்கு சென்சார் வந்துவிட்டது. தண்டு ஒரு சுற்று சுற்றினால் இத்தனை சிக்னல் என்று எண்ணி மின்னணுக் கருவிக்கு அனுப்புகிறது. தத்துவம் மாறவில்லை. எண்ணிக்கை நடப்பது கியர்பாக்ஸின் வெளித்தண்டில். அதற்குப் பிறகு புரொப்பெல்லர் ஷாஃப்ட், கிரவுன்-பினியன் பற்சக்கரங்கள், ஆக்சில், கடைசியாகத்தான் டயர். ஆகவே பின்சக்கரம் இழுக்கும் சாதாரண லாரியில் முன் டயரை மட்டும் மாற்றினால் மீட்டருக்கு ஒன்றும் ஆகாது. பின் டயர் மாறினால்தான் கணக்கு கெடும். கிரவுன்-பினியனை வேறு பல் எண்ணிக்கைக்கு மாற்றினாலும் இதே கோளாறு வரும், காரணமும் ஒன்றே.

எவ்வளவு கெடும்? நம் சாலைகளில் ஓடும் சைஸ்களையே எடுத்துக்கொள்வோம். 9.00-20 டயரின் வெளிவிட்டம் ஏறக்குறைய 1,018 மில்லிமீட்டர். 10.00-20 ஏறக்குறைய 1,055. 11.00-20 போனால் 1,085 அளவில் வரும். கம்பெனிக்குக் கம்பெனி, பட்டனுக்குப் பட்டன் (தரையில் படும் மேல்பகுதியின் செதுக்கு) சில மில்லிமீட்டர் முன்பின் இருக்கும். 9.00 இருந்த இடத்தில் 10.00 போட்டால் வித்தியாசம் சுமார் 3.6 சதவீதம், 10.00-க்குப் பதில் 11.00 போட்டால் சுமார் 2.8 சதவீதம். சின்ன லாரிகளில்தான் கணக்கு அதிகம் புரளும்: 7.50-16-இன் விட்டம் சுமார் 805 மில்லிமீட்டர், 8.25-16 சுமார் 855. இது 6 சதவீத வித்தியாசம். அதாவது முள் 80-இல் நிற்கும்போது வண்டி முன்பு ஓடியதைவிட ஏறக்குறைய 5 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் ஓடுகிறது. ரிம்மின் எண்ணைப் பார்த்து டயர் பெரிது, சிறிது என்று முடிவு கட்டவும் முடியாது. டியூப்லெஸ் டயரில் 295/80 ஆர் 22.5 என்று இருக்கும். 295 என்பது மில்லிமீட்டரில் அகலம். அதில் 80 சதவீதம், அதாவது 236, பக்கச் சுவரின் உயரம். மேலும் கீழும் சேர்த்து 472. ரிம் 22.5 அங்குலம் என்றால் 571.5 மில்லிமீட்டர். கூட்டினால் 1,043.5. ரிம் இரண்டரை அங்குலம் பெரிதாக இருந்தும், இது 20 அங்குல ரிம்மில் ஏறும் 10.00 டயரைவிட ஒரு சதவீதம் சிறியது! பழைய பாணி எண்களில் பக்கச் சுவரின் உயரம் எழுதப்படுவதில்லை என்பதால் இப்படிக் கூட்டிப் பார்க்கவும் வழியில்லை. கம்பெனியின் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே வழக்கமாக ஒரு எதிர்வாதம் வரும். அது வலுவான வாதமும்கூட. டயர் தேய்ந்தாலும் விட்டம் குறையத்தானே செய்கிறது? ஆமாம். லாரியின் பின் டயரில் பட்டன் ஆழமாக இருக்கும். அது 16 மில்லிமீட்டர் தேய்ந்தால் விட்டத்தில் 32 குறையும். 1,055 இருந்த 10.00 டயர் 1,023-க்கு வந்து நிற்கும். புத்தம் புதிய 9.00 டயரின் உயரமும் கிட்டத்தட்ட அதுதான். தேய்மானத்தால் வரும் 3 சதவீதத்தை எல்லாரும் காலங்காலமாகப் பொறுத்துக்கொண்டுதானே ஓட்டுகிறோம், சைஸ் மாற்றத்தால் வரும் 3 சதவீதத்தை மட்டும் ஏன் பெரிதாக்க வேண்டும் என்று கேட்கலாம். அளவு ஒன்றானாலும் திசை வேறு என்பதுதான் இதற்குப் பதில். தேய்ந்த டயர் சிறியது. அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும். மீட்டர் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். 80 என்று நினைக்கும் டிரைவர் 78-இல் போய்க்கொண்டிருப்பார். பெரிய டயர் இதற்கு நேர் எதிர். அது குறைவாகச் சுற்றும், மீட்டர் குறைத்துக் காட்டும், 80 என்று நினைப்பவர் 82-க்கு மேல் போவார். முதல் பிழை ஆளைக் காப்பாற்றும் பக்கம் சாய்கிறது, இரண்டாவது ஆபத்தின் பக்கம்.

இந்தத் திசை வேறுபாட்டை விதிகளே ஒப்புக்கொள்கின்றன. ஐக்கிய நாடுகள் அமைப்பின் வாகன ஒழுங்குமுறைகளில் 39-ஆம் எண் ஸ்பீடோமீட்டருக்கானது. மீட்டர் காட்டும் வேகம் எந்த நிலையிலும் உண்மை வேகத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. கூடுதலாக இருக்கலாம், ஆனால் உண்மை வேகத்தின் பத்தில் ஒரு பங்கோடு 4 கிலோமீட்டரைச் சேர்த்த அளவைத் தாண்டக் கூடாது என்கிறது அது. உண்மை வேகம் 80 என்றால் முள் 80 முதல் 92 வரை எங்கு நின்றாலும் ஒப்புதலுக்குத் தகுதி. 79-இல் நின்றால் தகுதி இல்லை. இதனால்தான் தயாரிப்பாளர்கள் முள்ளைக் கொஞ்சம் முன்தள்ளியே வைத்து அனுப்புகிறார்கள். ஒரு லாரியில் உண்மை 80-க்கு முள் 84 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 3 சதவீதம் பெரிய டயர் போட்டால் முள் இப்போதும் உண்மையைவிடச் சற்று மேலேதான் நிற்கும். 6 சதவீதம் போட்டால் அந்த இடைவெளி முழுவதும் தீர்ந்து, முள் உண்மைக்குக் கீழே இறங்கிவிடும். ஆகவே ஒரு படி மட்டும் சைஸ் மாற்றிய பெரிய லாரியில் முள் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த முன்தள்ளல் முள்ளுக்கு மட்டும் கொடுக்கப்பட்ட சலுகை. ஓடோமீட்டருக்கு அப்படி ஒரு மெத்தை தேவையில்லை என்பதால், டயர் மாற்றத்தின் பிழை அதில் நேராக வந்து விழுகிறது.

ஓடோமீட்டரில் விழும் பிழை எங்கே போய் முடிகிறது என்பதை விளக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரி வைத்திருப்பவர்களுக்கு மைலேஜ் என்பது தினப்படிப் பேச்சு. ஃபுல் டேங்க் அடித்து, ஓடி, மறுபடி ஃபுல் டேங்க் அடித்து, இடையில் ஓடிய கிலோமீட்டரை டீசலால் வகுப்பதுதான் கணக்கு. லோடோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கும் ஒரு வண்டி மாதத்தில் உண்மையாக 10,000 கிலோமீட்டர் ஓடியது என்று கொள்வோம். டீசல் 2,500 லிட்டர் ஆகியிருக்கும். 3 சதவீதம் பெரிய டயர் போட்டிருந்தால் ஓடோமீட்டர் ஏறக்குறைய 9,700 என்றுதான் காட்டும். 9,700-க்கு 4 வீதம் 2,425 லிட்டர் போதுமே, மீதி 75 லிட்டர் எங்கே? லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும் 6,750 ரூபாய். நோட்டுப் புத்தகத்தில் பார்க்கும் முதலாளிக்கு மைலேஜ் 4-இலிருந்து 3.88-க்கு இறங்கியிருப்பதுதான் தெரியும். சந்தேகம் முதலில் போவது டிரைவர் மேல். டீசல் உண்மையிலேயே காணாமல் போகும் தொழில்தான் இது. சந்தேகப்படுவதற்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் திருடாத ஒருவர் திருடியவராக நிற்கும் இடம் இது. அவரிடம் தன்னை நிரூபிக்க எந்த ஆதாரமும் இருக்காது, ஏனென்றால் அவர் பக்கம் பேச வேண்டிய மீட்டரே அவருக்கு எதிராகப் பேசுகிறது. தேய்ந்த டயரில் இதே கணக்கு தலைகீழாகும்: மீட்டர் கூட்டிக் காட்டுவதால் மைலேஜ் நன்றாக இருப்பதுபோல் தெரியும். பழைய டயரைக் கழற்றிவிட்டுப் புது டயர் போட்டதும் மைலேஜ் இறங்கிவிட்டது என்று லாரிக்காரர்கள் சொல்வதில் ஒரு பகுதி உண்மையான இழப்பு. ஆழமான பட்டன் உருளும்போது அதிகம் நெளியும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். இன்னொரு பகுதி வெறும் எண்ணிக்கைக் கோளாறு. சரியான சுற்றளவு தெரியாமல் இரண்டையும் பிரிக்க முடியாது. ஒரு கம்பெனி டயர் இத்தனை கிலோமீட்டர் கொடுத்தது, இன்னொன்று இத்தனை கொடுத்தது என்று ஒப்பிடுவதும் இதே மீட்டரை வைத்துத்தான். பெரிய டயர் தன் உழைப்பைத் தானே குறைத்து எழுதிக்கொள்கிறது.

அடுத்தது வேகக் கட்டுப்பாடு. 2015 அக்டோபர் 1 முதல் தயாரான போக்குவரத்து வாகனங்களில், சில விலக்குகள் நீங்கலாக, மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகவிடாத கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. டேங்கர், டம்பர், பள்ளிப் பேருந்து ஆகியவற்றுக்கு 60. இந்தக் கருவியும் சாலையைப் பார்ப்பதில்லை. அதே சிக்னலைத்தான் எண்ணுகிறது. டயர் 6 சதவீதம் பெரிதானால் அது 80 என்று நினைத்துப் பிடிக்கும் வேகம் உண்மையில் 85. வேகம் 6 சதவீதம் கூடினால் வண்டியின் இயக்க ஆற்றல் 12 சதவீதம் கூடுகிறது, ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். பிரேக் பிடிக்கும்போது டிரம்மில் விழும் அதே இறுக்கம், பெரிய சக்கரத்தின் விளிம்பில் தரைக்கு வந்து சேரும்போது 6 சதவீதம் குறைந்துவிடும். அதிக ஆற்றல், குறைந்த பிடி. இரண்டும் சேர்ந்தால், மிதியில் ஒரே அழுத்தத்துக்கு வண்டி நிற்கும் தூரம் ஏறக்குறைய 19 சதவீதம் நீளும். முள்ளில் கண்ணுக்குத் தெரியாமல் போன 5 கிலோமீட்டர், முன்னால் போகும் பைக்குக்கும் பம்பருக்கும் இடையில் வந்து தெரியும். பெரிய டயர் அதிகம் சுமக்கும், மேடு பள்ளத்தில் அடி தட்டாது என்பதெல்லாம் உண்மைதான். அதற்காக மாற்றுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கூடுதல் லோடும் சேர்ந்தால் இந்த 19 சதவீதம் இன்னும் ஏறும் என்பதையும் அவர்கள் கணக்கில் வைக்க வேண்டும்.

அனுபவமுள்ள டிரைவருக்கு மீட்டர் எதற்கு, இன்ஜின் சத்தத்திலேயே வேகம் தெரிந்துவிடும் என்பது இன்னொரு எதிர்வாதம். பல ஆண்டுகள் ஒரே வண்டி ஓட்டியவருக்கு அந்தக் காது நிச்சயமாக உண்டு; அதை நான் மதிக்கிறேன். சிக்கல் என்னவென்றால், டயர் மாற்றம் அந்தக் காதையும் சேர்த்தே ஏமாற்றுகிறது. இன்ஜின், கியர், கிரவுன்-பினியன் எல்லாம் டயருக்கு முன்னால் இருப்பவை. டாப் கியரில் இன்ஜின் 1,500 சுற்று போகும்போது ஆக்சில் எத்தனை சுற்று சுற்றும் என்பது மாறாது; அந்தச் சுற்றுக்கு வண்டி நகரும் தூரம்தான் மாறியிருக்கிறது. பழைய டயரில் 60-க்கு எந்தச் சத்தம் கேட்டதோ, பெரிய டயரில் 63-க்கு மேலும் அதே சத்தம்தான் கேட்கும். முள்ளும் காதும் ஒரே பக்கம், ஒரே அளவில் தவறுகின்றன. ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்க முடியாது என்பதுதான் இதில் கவலைக்குரிய விஷயம்.

போனில் ஜிபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். ஜிபிஎஸ் வேகம் டயரை நம்புவதில்லை என்பதால், நேரான திறந்த சாலையில் சீரான வேகத்தில் போகும்போது அது ஸ்பீடோமீட்டரைவிட உண்மைக்கு நெருக்கமாகவே இருக்கும். பிழையைக் கண்டுபிடிக்க அதைவிட எளிய வழி இல்லை. ஆனால் கண்டுபிடிப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. போனில் 85 என்று தெரிவதால் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி திருந்திவிடாது, ஓடோமீட்டர் விட்ட கிலோமீட்டரைத் திரும்ப எழுதாது, ஆயில் மாற்ற வேண்டிய நேரத்தைச் சரியாகச் சொல்லாது. ஏபிஎஸ் பிரேக் உள்ள வண்டியில் முன்னும் பின்னும் வேறு வேறு விகிதத்தில் டயர் மாறியிருந்தால், சக்கரங்களின் வேகத்தை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வேலை செய்யும் அந்த அமைப்புக்கும் தவறான செய்தி போகும். அதையும் போன் சரிசெய்யாது.

ஐரோப்பாவில் இதை எப்படிக் கையாளுகிறார்கள் என்பது கவனிக்கத் தக்கது. அங்கே கனரக லாரிகளில் டேக்கோகிராஃப் என்ற பதிவுக் கருவி கட்டாயம். டிரைவர் எவ்வளவு நேரம் ஓட்டினார், எவ்வளவு வேகத்தில், எவ்வளவு தூரம் என்று அது எழுதிக்கொண்டே வரும். ஓய்வு நேர விதியை மீறினாரா என்று போலீஸ் பார்ப்பது அதில்தான். அந்தப் பதிவு வழக்குக்கு ஆதாரமாக நிற்க வேண்டும் என்பதால் டயரின் சுற்றளவை அவர்கள் அலட்சியமாக விடவில்லை. அங்கீகாரம் பெற்ற பட்டறையில் குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கருவியைச் சோதிக்க வேண்டும். டயரின் சுற்றளவு மாறினால் அந்த இரண்டு ஆண்டு வரை காத்திருக்கக் கூடாது, மறுபடி அளந்து சரிசெய்ய வேண்டும். டயரின் சைஸ், அது உருளும் சுற்றளவு, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை சிக்னல் என்ற மூன்றும் எழுதிய ஒரு தகட்டை வண்டிக்குள் ஒட்டி சீல் வைக்கிறார்கள். 90 கிலோமீட்டரில் நிற்கும் அவர்களுடைய வேகக் கட்டுப்பாட்டுக்கும் சரியான கணக்கு இதனால்தான் கிடைக்கிறது. நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. தடை நல்லதே. ஆனால் தயாரிப்பாளரே ஒரு மாடலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட டயர் சைஸை அனுமதிக்கும்போது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகிறவருக்குத் தடையைவிட அளவுதான் தேவைப்படுகிறது. தகுதிச் சான்றுக்கான எஃப்.சி. சோதனையில் டயரின் சுற்றளவையும் மீட்டரில் ஏற்றியிருக்கும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் வர வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு வண்டிக்குச் சில நிமிடம்தான் ஆகும்.

அதுவரை செய்யக் கூடியது, டயர் மாற்றிய அன்றே அளப்பது. உயரத்தை டேப் வைத்து அளந்து கணக்குப் போட்டால் தவறு வரும். 10.00 ரேடியல் டயரின் வெளிவிட்டத்தைக் கொண்டு கணக்கிட்டால் ஒரு சுற்றுக்கு 3.31 மீட்டர் வருகிறது. லோடில் நசுங்கி நிற்கும்போது நடு ஹப்பிலிருந்து தரைவரை உள்ள உயரத்தைக் கொண்டு கணக்கிட்டால் 3.1 மீட்டரை ஒட்டி வரும். இரண்டும் தவறு. டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பிப் பட்டை நீளவோ சுருங்கவோ செய்யாததால், டயர் உண்மையில் உருளும் தூரம் இரண்டுக்கும் நடுவில், 3.2 மீட்டரை ஒட்டி இருக்கும். ஆகவே உருட்டித்தான் பார்க்க வேண்டும். வழக்கமான லோடு ஏற்றி, காற்றுச் சரிபார்த்து, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின் டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். வண்டியை மெதுவாக நேராக நகர்த்தி, டயர்க் கோடு பத்தாவது முறை தரையைத் தொடும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையே டேப் பிடித்து, பத்தால் வகுத்தால் உருளும் சுற்றளவு கிடைத்துவிடும். 10.00 ரேடியலுக்கு மொத்தம் 32 மீட்டர் சுமாருக்கு வர வேண்டும். சென்சார் உள்ள வண்டியில், அந்த மாடல் இடம் கொடுத்தால், சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டி இந்த எண்ணை ஏற்றிவிடுவார்கள். கேபிள் உள்ள பழைய வண்டியில் கேபிளைச் சுழற்றும் சின்னப் பற்சக்கரத்தை வேறு பல் எண்ணிக்கைக்கு மாற்ற வேண்டியிருக்கும். இரண்டும் முடியாவிட்டால், வித்தியாசம் எத்தனை சதவீதம் என்பதை டீசல் நோட்டின் முதல் பக்கத்தில் தேதியோடு எழுதிவைத்து, முதலாளியும் டிரைவரும் கையெழுத்துப் போட்டு, அன்றிலிருந்து ஒவ்வொரு மாதக் கிலோமீட்டரையும் அந்த விகிதத்தில் கூட்டிக் கணக்குப் பார்க்க வேண்டும்.